சனிக்கிழமை நேரடிப் பயிற்சி: அதற்கு முன் இணையப் பாடம்

முன்னாள் மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின் பராமரிப்புப் பணியிடப் பயிற்சி இம்முறை இரண்டு பகுதி. விளக்கமெல்லாம் இணையத்தில், கைவேலை மட்டும் நேரில், வரும் சனிக்கிழமை காலை 9.30 முதல் 1 மணி வரை.

1. வெள்ளி இரவுக்குள் நான்கு வீடியோக்களையும் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் அனுப்புங்கள். சனிக்கிழமை மறுபடி விளக்க நேரம் இருக்காது.

2. நேரில் செய்யப்போவது: மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் மறுபடி ஆன் செய்யாதபடி பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்வது. டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதையும் சோதனைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். வீடியோவில் எல்லாம் சுலபம்தான். பூட்டு கைக்கு வந்த பிறகே சந்தேகங்கள் வரும். அதனால் ஒவ்வொருவரும் தனியாகச் செய்துகாட்ட வேண்டும்.

3. பாதுகாப்புக் காலணி கட்டாயம். மோதிரம், உலோகக் கடிகாரம் வேண்டாம்.

4. அப்புறம், மறுநாளும் ஒரு வாரம், ஒரு மாதம் கழித்தும் ஐந்து நிமிடக் கேள்விகள் வரும். தொல்லைதான், ஆனால் இடைவெளி விட்டுப் படித்தால் மனதில் நன்றாக நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார்.

5. வருகிறீர்களா இல்லையா என்று புதன் மாலை 6 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வர வேண்டாம். அந்த ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு வேறு நாள் பார்க்கலாம்.