மஞ்சப்பைக்குள் இருக்கும் பாலிதீன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடை தமிழகத்தில் 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இவ்விரண்டின் பயனாகக் கடைத்தெருவில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்திருப்பதை மறுப்பதற்கில்லை. காய்கறி வாங்க வருவோரில் பலர் இப்போது துணிப்பையோடு வருகிறார்கள். ஆனால் வீடு திரும்பி அந்தப் பையைக் கவிழ்த்தால், தக்காளி ஒரு பாலிதீன் பையிலும், கொத்தமல்லி இன்னொன்றிலும், இரண்டு முழம் மல்லிகை மற்றொன்றிலும், உணவகத்தில் வாங்கிய சாம்பாரும் சட்னியும் முடிச்சுப் போட்ட சிறு பைகளிலுமாக வந்து விழுகின்றன. பையோடு பாத்திரமும் வீட்டிலிருந்து கிளம்பினால்தான் இது மாறும் என்பதையும், அதற்குக் கடைக்காரர்களும் சற்று இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

தடை என்றவுடன் 'கேரி பேக்' மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அரசு தடை செய்த பொருள்கள் பதினான்கு. உணவைக் கட்டித் தரும் பிளாஸ்டிக் தாள், பந்தியில் மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டு, காகிதக் கப், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. துணியைப் போலவே தோன்றும் 'நான்-ஓவன்' பைகளும் அதில் அடக்கம். துணிக்கடையிலும் திருமண மண்டபத்திலும் நம் கையில் கொடுக்கப்படுகிற, மணமக்கள் படம் அச்சிட்ட பைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஐயமிருந்தால் பையின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டிப் பார்க்கலாம். பருத்தியானால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகி உதிரும். நான்-ஓவன் என்றால் சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். அது பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தாம்பூலப் பை என்று நாம் பத்திரமாக எடுத்து வைப்பதும் சில மாதங்களில் நார் நாராகப் பிரிந்து குப்பைக்குத்தான் போகிறது.

நான் வசிக்கும் கும்பகோணம், பித்தளை, வெண்கலப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். பித்தளை டபராவில் ஆற்றிக் குடிக்கும் டிகிரி காபிக்கும் பெயர் பெற்ற ஊர். அந்தப் பாத்திரங்களைப் பரம்பரையாகச் செய்து விற்கிற ஊரில், மாலை வேளையில் டீக்கடைகளில் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைப் பாலிதீன் பையில் ஊற்றி, ரப்பர் பேண்டைச் சுற்றி, அதோடு நான்கைந்து காகிதக் கப்புகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சூடு ஏற ஏற, பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்கள் உணவில் இறங்குவது எளிதாகிறது. காகிதக் கப் என்று நாம் நிம்மதி அடைவதிலும் பொருளில்லை. உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் தேநீர் கசிந்துவிடும். (இதற்கு மாற்றாகப் பஜ்ஜியையும் வடையையும் நாளிதழில் மடித்துத் தருவதும் சரியில்லை. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடுக்கின்றன. தங்கள் தாளை நாங்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது.)

இந்தப் பைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் புதுத் தண்ணீர் வரும்போது, கோடை முழுவதும் அவற்றில் கொட்டிய பைகள் தண்ணீருக்கு முன்னால் உருண்டு வந்து மதகுகளில் அடைத்துக்கொள்கின்றன. எச்சில் சோறும் குழம்பும் ஒட்டிய பைகளை மாடுகள் அப்படியே விழுங்குகின்றன. இரண்டுக்கும் தப்பியவற்றைத் தெருவோரத்தில் குவித்து எரிக்கிறார்கள், பி.வி.சி. போன்றவை அந்தக் குவியலில் கலந்திருந்தால் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். சாம்பார் ஒட்டிய மெல்லிய பையை மறுசுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை. கழுவி உலர்த்துவதற்கு ஆகும் செலவைவிட அதன் விலை குறைவு.

ஆகவே மறுசுழற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், பையே வாங்காமல் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கான கருவி நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. தூக்கு, அடுக்கு டிபன் கேரியர், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஆகிய மூன்றும் இருந்தால் இட்லி, சாம்பார் முதல் ஆட்டிறைச்சி, மீன், எண்ணெய், மாவு வரை எதையும் பாலிதீன் இல்லாமல் வாங்கிவிடலாம். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்கிறோம். நடைமுறையில் சிக்கல் இல்லாமல் இல்லை. பல உணவகங்களில் காலையிலேயே சாம்பாரைச் சிறு பைகளில் கட்டி அன்னக்கூடையில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். நெரிசல் நேரத்தில் தூக்கை நீட்டினால், கட்டி வைத்த பையைப் பிரித்து அதில் ஊற்றித் தருகிற வேடிக்கையும் நடக்கிறது. பை எப்படியும் குப்பைதான். கொஞ்சம் முன்னதாகப் போய், "தம்பி, வாளியிலிருந்தே கரண்டியில் எடுத்து ஊற்றிவிடுப்பா" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. இறைச்சிக் கடையிலும் எண்ணெய்க் கடையிலும் பாத்திரத்தின் எடை சேர்ந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். மின்னணுத் தராசில் காலிப் பாத்திரத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். கடைக்காரர்கள் அனைவருக்கும் இது தெரியும். நாம்தான் கேட்க வேண்டும்.

கடைக்காரர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. வாடிக்கையாளர் கொண்டு வரும் பாத்திரம் சரியாகக் கழுவப்படாமல் இருந்து, உணவு கெட்டுப்போனால் பழி கடையின் மீது வரும். அளவில் தகராறு வரும். இவை பேசித் தீர்க்கக் கூடியவை. ஆனால் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பல உணவகங்களில் பார்சலுக்கென்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், பாத்திரம் கொண்டு வந்தவரிடமும் அதே கட்டணத்தை வாங்குகிறார்கள். பையும் டப்பாவும் கொடுக்காதபோது அந்தக் கட்டணத்துக்கு என்ன பொருள்? அதைத் தள்ளுபடி செய்து, விலைப்பட்டியல் பலகையில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தால், பிரசுரங்களாலும் உறுதிமொழிகளாலும் வராத மாற்றம் வந்துவிடும். பணம் மனிதரின் பழக்கத்தை மாற்றும் என்பதற்கு நீலகிரி மாவட்டமே சான்று. உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2022 முதல் அங்கே மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கிறார்கள். காட்டுக்குள் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. குடிப்பவருக்குக் காட்டுகிற இந்த நியாயத்தை இட்லி வாங்குபவருக்கும் காட்டலாமே.

வீட்டுக்குள் உள்ள ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். பாலிதீன் பை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதன் விலை மட்டும் காரணமன்று. அதைக் கழுவ வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். எண்ணெய்ப் பிசுக்கேறிய டிபன் கேரியரை யார் தேய்ப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் இருக்கிறது. வேலைக்கும் போய் வந்து வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், சுற்றுச்சூழலின் பெயரால் இன்னொரு வேலையைச் சுமத்துவது முறையாகாது. பார்சல் வாங்கி வந்தவரே பாத்திரத்தைக் கழுவி வைப்பது என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டோம். முணுமுணுப்பு இருந்தது; இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் தூக்கு மறுநாள் கதவோரத்தில் தயாராக இருக்கிறது.

தவிர்க்க முடியாத பிளாஸ்டிக்கும் உண்டு. பால் பாக்கெட் அப்படிப்பட்டது. அதன் மூலையை முழுவதுமாகக் கத்தரித்து எடுத்தால் அந்தச் சிறு முக்கோணத் துண்டு குப்பையில் தொலைந்து மண்ணிலோ சாக்கடையிலோ போய்ச் சேரும். துண்டு பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் வெட்டினால் போதும். காலிப் பாக்கெட்டை அலசி, கொடியில் உலர்த்திச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் கிளறிப் பிரிப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு அழகில்லை. ஷாம்பு, எண்ணெய் போன்றவற்றைச் சிறு பாக்கெட்டில் வாங்குகிறவர்களைக் குறை சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றாடக் கூலியில் வாழ்பவர் பெரிய புட்டியை எப்படி வாங்குவார்? அந்தப் பாக்கெட்டைத் திரும்பப் பெறும் பொறுப்பை விதிகள் உற்பத்தி நிறுவனங்கள் மீது வைத்திருக்கின்றன. கேள்வியும் அவர்களை நோக்கித்தான் செல்ல வேண்டும்.

மற்றவர்களை எப்படி இணங்க வைப்பது? உறவினர் வீட்டில் போய் உபதேசம் செய்தால் அடுத்த முறை காபி கிடைக்காது. கிரகப்பிரவேசத்துக்கோ திருமணத்துக்கோ பரிசு கொடுக்கும்போது, சுவரில் மாட்டும் கடிகாரத்துக்குப் பதிலாக நல்ல கனமுள்ள தூக்கு ஒன்றையோ மூன்றடுக்குக் கேரியரையோ கொடுக்கலாம். வீட்டில் திருமணம் நிச்சயமானால், சமையல் காண்டிராக்டருக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே மூன்று விஷயங்களைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: இலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் வைக்காமல் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவது, மேசையில் பிளாஸ்டிக் தாள் விரிக்காதது, பாயசத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் தொன்னையோ பாக்குமட்டைக் கிண்ணமோ வாங்குவது. முகூர்த்தத்தன்று காலையில் போய்ச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அதற்குள் பாட்டில் பெட்டிகள் மண்டபத்தில் இறங்கியிருக்கும். தாம்பூலப் பையைப் பருத்தியில் தைக்க மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் சொன்னால் அவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-இல் நடந்தது. அடுத்தது 2028-இல் வருகிறது. பல இலட்சம் பேர் வந்து போகும் அந்த நாள்களில் அன்னதானத் தட்டுகள், தண்ணீர்ப் பாட்டில்கள், டீ கப்புகள் எத்தனை சேரும் என்பதைக் குளக்கரையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். பாக்குமட்டைத் தட்டும் தையல் இலையும் அந்த அளவில் ஒரே வாரத்தில் கிடைத்துவிடாது. செய்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். அன்னதானக் குழுக்களும் உணவக உரிமையாளர்களும் அரசுத் துறையினரும் இதற்காக ஒரு முறை கூடிப் பேச வேண்டும். குடிநீர்க் குழாய்களை எங்கெங்கே வைப்பது என்பதையும், சொந்தப் பாத்திரம் கொண்டு வருவோருக்குப் பார்சல் கட்டணத்தை விலக்குவதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். கட்டண விலக்கை ஊர் உணவகங்களில் நாளையிலிருந்தே நடைமுறைப்படுத்துவதற்கும் தடை ஏதுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்