மருத்துவக் கழிவு: சாவடிக்கு முன்பே வார்டில் தடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரளத்து மருத்துவக் கழிவு வண்டி பிடிபட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், எல்லையிலுள்ள புளியரைச் சாவடியில் ஆள் போதவில்லை என்ற பேச்சுதான் எழுகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டியதை, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிச் சென்றது. நல்லதுதான். ஆனால் கட்டி வந்த மூட்டையைச் சாவடிக்காரர் பிரித்துப் பார்க்க முடியாது, உள்ளே ஊசி இருக்கும். காய்ந்த ரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாள்கூட உயிரோடு இருக்கும். தரம் பிரிக்கும் வேலை நோயாளியின் கட்டிலோரத்திலேயே முடிந்துவிட வேண்டும். அங்கே கலந்தால் அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

மருத்துவக் கழிவு இந்தப் பக்கம் வருவதற்கு வழி, பெரும்பாலும் பொதுக் குப்பைதான். சாப்பாட்டுத் தட்டு, அட்டைப்பெட்டி எடுக்க வரும் ஒப்பந்ததாரரின் சாக்கில் டிரிப் செட்டும் (குளுக்கோஸ் ஏற்றும் குழாய்) கையுறையும் சேர்ந்து போகின்றன. அவருக்கு ஆரியங்காவு வழியாக எல்லை தாண்டுவது, முறையான சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதைவிட மலிவு. செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துச் சிறு கிளினிக்குகளும் லேப்களும் மட்டும் ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது.

கழிவைப் பிரிக்க 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதி சொல்லும் நான்கு நிறங்களை (மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை)ச் சுவரில் ஒட்டாத ஆஸ்பத்திரி இல்லை. தவறு நடப்பது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில். ரத்தமோ சீழோ பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள் பையில் போய் எரிக்கப்படும். டிரிப் செட், சிறுநீர்ப் பை, கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சு ஆகியவை சிவப்பு. குளோரின் உள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயை மஞ்சளில் போட்டால் எரியூட்டியில் டையாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். இதே காரணத்தால் மஞ்சள் பைக்குள் பிளீச்சிங் கரைசலை ஊற்றவும் கூடாது. "கிருமி சாகட்டும்" என்று பலர் ஊற்றுகிறார்கள். கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. மருந்து அட்டையும் சிரிஞ்சின் மேலுறையும் ரத்தம் படாதவரை பொதுக் குப்பையே. மஞ்சள் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வண்டி வராத நாளில், காரணத்தை எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பின்வாசலில் போட்டு எரிப்பது அதற்குப் பதிலாகாது.

ஊசி விஷயம் தனி. போட்டு முடித்ததும் மூடி மாட்டாமல், அங்கேயே நீடில் கட்டரில் வெட்டி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். கட்டர் அடுத்த அறையில் இருந்தால் ஊசி டிரேயில் கிடக்கும், பிறகு பஞ்சோடு சேர்ந்து மஞ்சள் பைக்குப் போகும். அந்தப் பையைக் காலால் மிதித்து அமுக்குபவர் தூய்மைப் பணியாளர். பையும் டப்பாவும் முக்கால் நிறைந்ததும் கட்டிவிடுங்கள் என்பது இதற்காகத்தான். குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல், ஸ்பிரிட் ஊற்றாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொற்றுள்ளவரின் ஊசி என்றால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 6 முதல் 30 சதவீதம்.

தரையில் ரத்தம் சிந்தினால், முதலில் பழைய துணியால் மூடி, அதன்மேல் 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் கரைசல்) ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. பிளீச்சிங் பவுடர் 30 சதவீதக் குளோரின் உள்ளது என்றால் லிட்டருக்கு சுமார் 33 கிராம். நேற்றுக் கரைத்தது இன்றைக்கு ஆகாது, அதில் குளோரின் போயிருக்கும். கக்கூஸ் ஆசிட் இருக்கும் வாளியில் இதை ஊற்றவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை டேப் ஒட்டி, உள்ளே ஊசி இருப்பதைச் சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி வெளியே வந்துவிடும்.

இரு மாநில அதிகாரிகளும் சாவடிப் பதிவேட்டோடு நிற்காமல், ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்கோடு ஒட்டிய பைகள் எத்தனை போயின என்ற கணக்கைக் கேட்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி (0, 1, 6 மாதம் என மூன்று தவணை) கழிவைக் கையாளும் எல்லோருக்கும் போடப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒப்பந்தப் பணியாளரை "எங்கள் ஆள் இல்லை" என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருப்பதால், டெண்டரிலேயே அதை நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புச் செவிலியர்கள் சிலர்,
செங்கோட்டை வட்டாரம்