வலி நின்றாலும் ஸ்கான் தேவை

ஆசிரியர் அவர்கட்கு,

சிறுநீரகக் கல் குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, தண்ணீர் குடிப்பதைப் பற்றி விரிவாகக் கூறிவிட்டு, கல்லால் சிறுநீர் வழியில் ஏற்படும் அடைப்பு நீடித்தால் நேர்வதை ஒரே வரியில் கடந்துவிட்டது. தேங்கும் சிறுநீரின் அழுத்தம் மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அவ்வழுத்தத்தால் நுண்குழாய்க் கலங்கள் இழுபடும்போது அங்கே அஞ்சியோதென்சின் 2 என்னும் ஹோர்மோன் பெருகி, இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு ரீ.ஜி.எஃப். பீற்றா என்னும் சமிக்ஞைப் புரதத்தையும் தூண்டிவிட, அதன் ஏவலில் கொலாஜன் நார்கள் படிந்து இழையம் தழும்பாக இறுகுகிறது. அப்படி இறுகிய பகுதி, கல்லை அகற்றிய பின்னரும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இவ்வளவும் வலியின்றியே நடக்கலாம். படுவான்கரையில் வேளாண்மை செய்யும் என் மாமா, பெரும்போக அறுவடை நேரத்தில் விலாவில் வந்த குத்து நான்கு நாளில் நின்றதும், ‘கல்லுப் போயிற்று’ என்று கிளினிக் கொப்பியை நெல் மூட்டைகளுக்கு மேல் போட்டுவிட்டார். ஏழு மாதம் கழித்து எடுத்த ஸ்கானில் இடது சிறுநீரகம் வீங்கி, அதன் சதை மெலிந்து போயிருந்தது. எனவே, கல்லுக்காக வருபவரின் கொப்பியில் மீள் ஸ்கானுக்கான திகதியை முதல் நாளே எழுதி, வலி நின்றாலும் வரவேண்டும் என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுக்கும் நடைமுறையை மாவட்டத்தின் சுகாதார அதிகாரிகள் எல்லா வைத்தியசாலைகளிலும் கொண்டுவர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வவுணதீவு, மட்டக்களப்பு.