மூன்றடி விட்டுக் கட்டிய ஆலயம்: ஊராருக்கு எங்கள் நன்றி மடல்

அன்புள்ள ஊராருக்கும், வெளியூரில் இருந்துகொண்டு துணைநின்ற உறவுகளுக்கும்,

சபையார் சார்பில் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலயப் பிரதிஷ்டை நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், அதிலும் பாதி பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும் போய்விட்டது. உண்மையில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் பந்தலிலேயே இல்லை. சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள். சிலருக்கு வர மனமில்லை, அதுவும் சரிதான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் முறை வைத்தே சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட ஒக்கிப் புயலில், எங்கள் பழைய ஓட்டு ஜெபக்கூடத்தின் மேல் அயனி மரம் சாய்ந்தது. கூரை போனது, மேற்குச் சுவர் பிளந்தது. இடித்துக் கட்டலாம் என்று இறங்கியதும் எதிர்த் தெருக் கோயில் கமிட்டியிடமிருந்து ஆட்சேபணை வந்தது. வழிபாட்டுத் தலம் புதிதாகக் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். நாங்கள் கட்டுவது புதிதா, ஏற்கெனவே இருந்ததா என்பதுதான் தகராறே. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அஸ்திவாரம் தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் தேங்கியது. ஆராதனை தகரக் கொட்டகைக்கு மாறியது. ஒரு ராத்திரி அந்தத் தகரத்தின் மேல் கல் விழுந்தது. இரண்டு தெருவுக்கும் இடையே கல்யாண வீட்டுக்குப் போக்குவரத்துகூட நின்றுபோனது. அந்தக் கதையை இதற்கு மேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை.

முதல் நன்றி கிழக்குத் தெரு ஆச்சிக்கு. அவருடைய வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் சபைப் பொருளாளர். ஜெபக்கூடத்துக்குக் கட்டிய வரி ரசீதுகளை வருஷவாரியாக நூல் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவர் போய் எத்தனையோ வருஷமாகியும் ஆச்சி அந்த டின்னைத் தூக்கி எறியவில்லை. ஊதா மை வெளிறி, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையை எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசியில் “இவ்வளவு பழசா!” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் கோப்பு நகர ஆரம்பித்தது. வக்கீல் கட்டணம் வாங்காமல் எழுதிக்கொடுத்த தம்பிக்கும், வெயிலில் நின்று சங்கிலி பிடித்து அளந்த சர்வேயருக்கும் நன்றி. ஆச்சியின் டின் இல்லாவிட்டால் அவர்களுக்கும் வேலை இருந்திருக்காது.

அடுத்து எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர். பிரச்சினை தொடங்கிய நாட்களில் நெகேமியா புத்தகத்திலிருந்தே பிரசங்கம் செய்துவந்தார். ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம் என்று மதில் கட்டியவர்களின் கதை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் எங்கள் வாலிபர்கள் எதிர்த் தெருக்காரர்களை, அந்த மதிலைத் தடுக்கப் பார்த்த சன்பல்லாத்து, தொபியா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அது ஐயர் காதுக்கு எட்டிய வாரமே நெகேமியாவை மூடி வைத்தார். ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்தார். ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு தோண்ட, கேரார் மேய்ப்பர் வந்து தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். ஈசாக்கு விட்டுவிட்டு வேறு கிணறு தோண்டுகிறான். அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றில்தான் சண்டை இல்லை. அப்புறம் எதிராளியான ராஜாவே வீடு தேடி வருகிறான், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இதைப் பிரசங்கித்த அன்று சபையில் பாதிப் பேருக்கு முகம் சுளித்தது. என் முகமும் அதில் உண்டு.

ஆனாலும் வாலிபர்களுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சாலை மறியல் என்று பேனர் வரை அடித்துவிட்டார்கள். மூப்பர் தாத்தாதான் அவர்களை உட்காரவைத்து மயிலாடிக் கதையைச் சொன்னார். மயிலாடிக்காரரான மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியபோது சொந்தக்காரர்களே எதிர்த்தார்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்தார். 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் என்கிற மிஷனரி ஆரல்வாய்மொழி வழியாக வந்துசேர்ந்தார். அதன் பிறகும் உடனே எதுவும் நடக்கவில்லை, 1809இல்தான் அங்கே ஆலயம் எழும்பியது. “அவங்களுக்கு இருந்த பொறுமையில கால்வாசி உங்களுக்குக் கிடையாதாடே?” என்று தாத்தா கேட்டார். பேனர் இப்போது யாரோ வீட்டு மாட்டுக்கொட்டகையின் மேல் கிடக்கிறது.

இனி, இந்த மடலை எழுத முக்கியக் காரணமானவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தவர். நெற்றி நிறைய திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. தாலுகா ஆபீசில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அவரை யாரும் அழைக்கவில்லை, தானாக வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தபோது எழுந்து, “1982 மண்டைக்காடு ஞாபகம் இருக்கிறவங்க கை தூக்குங்க” என்றார். அந்த வருஷம் அங்கே நடந்த இந்து - கிறிஸ்தவக் கலவரத்தைத்தான் சொன்னார். எங்கள் பக்கம் நாலைந்து கிழங்கள், அவர்கள் பக்கம் நாலைந்து கிழங்கள். கோபமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை, அவர்கள் பிறந்ததே அதற்கப்புறம். கை தூக்கியவர்களைப் பேசச் சொன்னார் சார். பஸ் ஓடாதது, கடலுக்குப் போகாதது, பக்கத்து வீட்டில் தஞ்சம் புகுந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். துப்பாக்கிச் சூட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரால் முடிக்க முடியவில்லை. அந்தக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் இந்தப் பக்கம் வந்து இரு தரப்பாரிடமும் பேசினதைச் சார் நினைவுபடுத்தினார். ஒரு சைவ மடத்தின் தலைவர் கடற்கரை ஊர்களுக்கு வந்து மீனவ மக்களிடம் சமாதானம் பேசினார், திருவருட் பேரவை என்று ஓர் அமைப்பே தொடங்கினார். “அவருக்கு இல்லாத மானப் பிரச்சினை நமக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு சார் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் அண்ணாச்சி எழுந்து, “உங்க காம்பவுண்டு எழும்பினா கொடைக்கு எங்க வாகனம் சந்தில திரும்பாது” என்றார். கொடை என்றால் அவர்கள் கோயில் திருவிழா. இவ்வளவு காலம் மனுமேல் மனு எழுதினோமே, அதில் ஒன்றிலும் இந்த ஒரு வரி இல்லை. சர்வே புலப்படத்தின்படி அந்த இடம் எங்கள் பட்டாவுக்குள்தான் வருகிறது. சட்டப்படி நாங்கள் ஒரு அங்குலம் விட வேண்டியதில்லை. ஆனால் மதிலை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டுவது என்று சபைக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். சுலபமாக எடுக்கவில்லை. “எங்க அப்பா கர்த்தருக்கு எழுதிக்கொடுத்த மண்ணு” என்று நிலம் கொடுத்த குடும்பத்து அக்கா அழுதார்கள். அழுதுகொண்டே கையெழுத்தும் போட்டார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சொல்கிற நன்றிக்கு என்னிடம் வார்த்தை போதாது.

கோயில் கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. ஆட்சேபணையை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற்றார்கள். கூம்பு ஒலிபெருக்கி இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000இலிருந்தே விதி இருக்கிறது, ஆனால் இங்கே இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம் ஊர்க் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன.

அப்புறம், சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது என்கிற சிலர். கல் விழுந்து நெளிந்த தகரத்தை மறுநாள் காலையிலேயே வந்து மாற்றிவிட்டு, காசு வாங்காமல் போன எதிர்த் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி. வேலை நின்ற காலத்தில் வேறு ஊருக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்த கொத்தனார் அண்ணன். கைப்பிடி அரிசி எடுத்து வைத்தே ஜன்னல் கதவுகளுக்குப் பணம் சேர்த்த பெண்கள் ஐக்கிய சங்கம். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு முன்னால் ஆலயத்துக்கு அனுப்பிய வளைகுடாப் பிள்ளைகள். நாற்காலி தந்த கத்தோலிக்கப் பங்கு. பிரதிஷ்டை அன்று காணிக்கைப் பொருள் ஏலத்தில் அதிக விலைக்குப் போனது ஒரு மட்டி வாழைக் குலை. அது யார் விளையில் வெட்டியது என்று எனக்குத் தெரியும், கல் விழுந்த காலத்தில் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நிறுத்திக்கொள்கிறேன்.

விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் என்னிடம் சொல்லுங்கள். கட்டிட வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, சபையார் அல்லாதவர்களும் பார்க்கலாம். அசனத்துக்கு, அதாவது பிரதிஷ்டை விருந்துக்கு, கோயிலிலிருந்து எடுத்த அண்டாக்களில் ஒன்றுக்கு ஈயம் பூசக் கொடுத்திருக்கிறோம், கொடைக்கு முன்னால் வந்துவிடும். கொடைக்குப் பெஞ்சு தேவைப்பட்டால் ஐயர் வீட்டில் சாவியை வாங்கி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெஞ்சுக்கு மட்டும் இன்னும் வார்னிஷ் காயவில்லை, அவற்றில் வெள்ளை வேட்டியோடு உட்கார வேண்டாம்.

இப்படிக்கு,
சபைச் செயலர்