ஆறு மணிக்குப் பூட்டுகிற மைதானம்: திருகோணமலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

போன வெள்ளிக்கிழமை இரவு மைதானத்து மதிலோரம் பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் சத்தி எடுத்துவிட்டு அதிலேயே கிடந்தான். மூன்று வருடம் என்னிடம் பந்து பழகியவன். முகத்தைக் கழுவி, ஆட்டோவில் ஏற்றி, வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கால் போத்தலைக் கடையில்தான் வாங்கியிருக்கிறான். வயதை யாரும் கேட்கவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்வது நீங்கள் அறியாததல்ல.

மைதானத்து விஷயமும் உங்களுக்குத் தெரியும். மூன்று கடிதம் தந்திருக்கிறேன். ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டுகிறார்கள். விளக்குக் கம்பம் நாலும் நிற்கின்றன, ஒன்றும் எரிவதில்லை. மேசன் வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பொடியன்கள் ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவார்கள். குளித்துவிட்டு ஓடி வந்தால் பூட்டு. வேலை இல்லாதவனும் இருக்கிறவனும் அதே மதிலில் குந்துவார்கள். அப்புறம் ஒருவன் காசு சேர்க்கத் தொடங்குவான்.

மறுநாள் அவனிடம் ஏன் என்று கேட்டேன். உயர்தரம் எழுதிவிட்டு வேலை தேடி அலைகிறவன். "அண்ணா, வீட்ட போனா அம்மா வேலை கிடைச்சுதா எண்டு கேப்பா. ஒண்டும் சொல்ல ஏலாது. அவ நித்திரையானாப் பிறகுதான் போவன்" என்றான். தாய் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுக்கும்வரை அவனுக்கு எங்கேயாவது இருந்தாக வேண்டும். அதற்கு அவனிடம் இருப்பது அந்த மதில் மட்டும்தான்.

லின் கூப்பர் என்ற உளவியல் ஆய்வாளர் 1994இல் இளையவர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்பதை நான்காகப் பிரித்தார்: சந்தோஷத்துக்கு, கூடிப் பழக, கூட்டம் ஒதுக்கிவிடாமல் இருக்க, கவலையை மறக்க. இந்தக் கடைசிக் காரணத்துக்காகக் குடிக்கிறவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள். வாழ்க்கையில் திருப்தி இல்லாதவன் குடிக்கிறான். குடித்தால் நித்திரை கெடும், மறுநாள் மனம் இன்னும் சோரும், கையில் காசும் இருக்காது, இருந்த திருப்தியும் போய்விடும். கலியாண வீட்டில் ஒரு பியர் குடிக்கிறவனைப் பற்றி நான் பேசவில்லை. ஒவ்வொரு மாலையும் போவதற்கு இடமில்லாதவனைப் பற்றிப் பேசுகிறேன்.

தகப்பன்மார் குடித்தபோது போரை மறக்கக் குடிக்கிறார்கள் என்றோம், 2004 டிசம்பர் 26ஐ மறக்கக் குடிக்கிறார்கள் என்றோம். இந்தப் பிள்ளை அந்த அலைக்குப் பிறகு பிறந்தவன். அவன் எதை மறக்கக் குடிக்கிறான் என்று நாங்கள் யாராவது கேட்டோமா? பதாகை கட்டி விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறோம், ஈரல் கெடும் என்று சொல்லி அனுப்புகிறோம். ஈரல் கெடும் என்பது அவனுக்கும் தெரியும். சீசன் வந்தால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளியூர் ஆட்களுக்காகக் கடற்கரையில் இரவிரவாக வெளிச்சம் போட முடிகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு நாலு விளக்குப் போட முடியவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்பது இதுதான்: மைதானத்தை இரவு ஒன்பது மணிவரை திறந்து வையுங்கள், விளக்குகளைத் திருத்தித் தாருங்கள். கடைகளில் வயதைப் பார்த்துத்தான் விற்கிறார்களா என்று ஆள் அனுப்பிப் பாருங்கள். அதுவும் அவசரம்தான். ஆனால் கடை மறுத்தாலும் பிள்ளை போக ஓர் இடம் வேண்டுமே. ஆகவே திரும்பவும் கேட்கிறேன், தயவுசெய்து மைதானத்தைத் திறந்து வையுங்கள்.

மின்கட்டணம்தான் பிரச்சினை என்றால் கூப்பிடுங்கள், கழகங்களோடு பேசி எங்களால் முடிந்த பங்கைப் போடுகிறோம். காவலுக்கு ஆள் இல்லை என்றால் திறப்பை என்னிடம் தாருங்கள். ஒன்பது மணிக்கு நானே பூட்டி, காலையில் உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பொடியன்களுக்குப் பந்து பழக்குகிற ஒருவன்
திருகோணமலை