வீட்டில் அம்மை போட்டால் அன்றைக்கே சொல்லுங்கள்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், வகுப்பு ஆசிரியைக்கும், தலைமை ஆசிரியைக்கும் வணக்கம்.

உங்கள் பிள்ளைகளோடு படிக்கும் ஒரு சிறுமியின் அம்மா எழுதுகிறேன். என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்பது காரைக்குடியில் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் தொற்றாது. பக்கத்தில் உட்காரலாம், கட்டிப் புரண்டு விளையாடலாம். உங்கள் பிள்ளைகளிடமிருந்து அவளுக்கு வரக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

அவளுக்கு வந்தது ஏ.எல்.எல். என்ற வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குணமாகிவிடுகிறது, ஆனால் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் இழுக்கும். மதுரையில் ஆஸ்பத்திரியே வீடாகக் கிடந்த மாதங்கள் முடிந்துவிட்டன. முதுகுத் தண்டில் ஊசி, கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, ஸ்டீராய்டு கொடுத்த வாரங்களில் கன்னம் உப்பிப்போய் நடுராத்திரியில் வெள்ளைப் பணியாரம் கேட்டு அழுதது, அதற்காகவே மாவு அரைத்து வைத்திருந்த அப்பத்தா தூக்கக் கலக்கத்தோடு அடுப்பைப் பற்றவைத்தது, எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டோம்.

இப்போது நடப்பது மெயின்டனன்ஸ், அதாவது நோய் திரும்பி வராமல் இருக்க மாத்திரை கொடுக்கும் கட்டம். தினமும் ராத்திரி மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். முடி வளர்ந்துவிட்டது, ஓடுகிறாள், சண்டை போடுகிறாள். பார்ப்பவர்கள் "எல்லாம் சரியாப் போச்சுல்ல" என்கிறார்கள். அந்த மாத்திரைகளும் கீமோதான். நோயை எதிர்க்கும் சக்தியை அவை அடக்கித்தான் வைத்திருக்கின்றன. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். மதுரை இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

சின்னம்மை உங்கள் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் பத்து நாள் அரிப்பு, வேப்பிலை, அப்புறம் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு போய்விடும். இவளுக்கு வந்தால் நுரையீரல், ஈரல், மூளை என்று உள்ளே இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கீமோவையும் நிறுத்திவைக்க வேண்டிவரும். தடுப்பூசி போடலாமே என்று கேட்பீர்கள். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்வது, அதனால் சிகிச்சை முடியும்வரை அவளுக்குப் போடக் கூடாது.

அம்மை உள்ள பிள்ளையோடு இருந்தாள் என்பது உடனே தெரிந்தால் வழி இருக்கிறது. நோயை எதிர்க்கும் சக்தியை நேராக உடம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசியோ, கிருமியை அடக்கும் மருந்தோ கொடுப்பார்கள். ஊசியை முதல் நான்கு நாட்களுக்குள் போட்டால் நல்லது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அம்மை பரவும். கண்ட அன்றே நீங்கள் லீவு போட்டிருப்பீர்கள். ஆனால் முந்தின நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

போன பங்குனியில் அப்படித்தான் நடந்தது. எங்களுக்குத் தெரியவந்தபோது ஒரு வாரம் ஓடிவிட்டது. மதுரைக்கு ஓடினோம், மருந்து கொடுத்தார்கள். அம்மை வெளியே தெரிய 21 நாள் வரைகூட ஆகலாம் என்றார்கள். அத்தனை நாளும் விடிந்ததும் அவளை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, காது மடலுக்குப் பின்னால், புதிதாக முளைத்திருந்த முடிக்குள் எல்லாம் விரலால் விலக்கி விலக்கிப் பார்ப்பேன். கொசுக்கடியைப் பார்த்தால்கூட கை நடுங்கும். நல்லவேளை, வரவில்லை. அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மாசி, பங்குனி வருகிறது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் காலம், அம்மை போடுகிற காலமும் அதுதான். ஆத்தா இறங்கியிருக்கும்போது வெளியில் பேசக் கூடாது என்ற நினைப்பு நம் வீடுகளில் உண்டு. என் மாமியார் வீட்டிலும் உண்டு, அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் நம் பெரியவர்கள் வாசலில் வேப்பிலை செருகினார்களே, அதைப் பார்த்துத்தானே தெருவே ஒதுங்கிப் போனது? இன்றைக்கு வேப்பிலை உங்கள் தெருவில் இருக்கும், என் மகள் வேறு தெருவில் இருப்பாள். அதனால்தான் வகுப்பாசிரியைக்கு ஒரு போன் கேட்கிறேன். சின்னம்மை, தட்டம்மை, வீட்டில் பெரியவர்களுக்கு அக்கி, எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அக்கியும் சின்னம்மைக் கிருமியால் வருவதுதான். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளையை அனுப்பாதீர்கள், பரீட்சையே இருந்தாலும்.

டீச்சர், யார் வீடு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். என்றைக்குக் கண்டது, அந்தப் பிள்ளை கடைசியாக என்றைக்கு வகுப்புக்கு வந்தது, இவ்வளவு போதும். டாக்டர் கேட்பதும் இதைத்தான்.

தட்டம்மைத் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று. இரண்டும் போட்டாயிற்றா என்று ஒருமுறை அட்டையை எடுத்துப் பாருங்கள். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், இரண்டு தவணை. எல்லோராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் உங்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். அவள் தம்பிக்குப் போட்டுவிட்டோம்.

எங்கள் நம்பர் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. நேரம் பார்க்க வேண்டாம், நடுராத்திரியானாலும் எடுப்போம்.