உங்களைத் தேற்றவும் ஆள் வேண்டும், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று தொலைபேசியில் நீங்கள் பேசியதில் பாதி என்னைத் தேற்றுவதற்காகப் பேசியதுதான். "இரண்டு சிறுநீரகத்தில் ஒன்றை எடுக்கப்போகிறார்கள், இன்னொன்று இருக்கிறதே, விடு" என்றீர்கள். அண்ணி அழுதால் அவரைச் சமாதானப்படுத்துகிறீர்கள். பிள்ளைகள் எதிரில் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அலுவலகத்தில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லி விடுப்பு வாங்கியிருக்கிறீர்கள். சிறுநீரகப் புற்றுநோயும் உங்களுக்கு, ஊருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பும் உங்களுக்கா? அந்த இரண்டாவது பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தால் நல்லது என்று, பொதுவில் எழுதவும் சம்மதித்தீர்கள். அதற்கு நன்றி.

என் கணவருக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தபோது கூடவே இருந்து பார்த்தவள் நான். இந்த நோயில் ஒரு தனிமை இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது புரிவதில்லை. பலருக்கும் இது வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. உங்களுக்கும் அப்படித்தான். வலியில்லை, காய்ச்சலில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். உடம்பு நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற அதிர்ச்சி, நோயைப் பற்றிய பயத்தைவிடப் பெரியது என்று இவர் சொல்வார்.

அடுத்தது, "கீமோ இல்லையா? அப்படியென்றால் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பெரும்பாலான வகைகளுக்கு வழக்கமான கீமோ பெரிதாகப் பலன் தருவதில்லை. அதனால்தான் கொடுப்பதில்லை, நோய் லேசானது என்பதால் அல்ல. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது அறுவை சிகிச்சைதான் முதன்மையான சிகிச்சை. முடி கொட்டவில்லை, ஆள் இளைக்கவில்லை என்பதால் உங்கள் பயத்துக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. பயப்படலாம் அண்ணா. பயந்தால் நோய் முற்றிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வி. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் சொல்ல வேண்டியதில்லை. அண்ணியிடம் சொல்லக் கூடியது ஒன்று, நண்பரிடம் சொல்லக் கூடியது வேறு. இவருக்கு மரண பயம் அவ்வளவாக இல்லை. சிறுநீர்க் குழாயோடு படுத்திருக்க வேண்டுமே, நாலு பேர் வந்து பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அதை என்னிடம் சொல்லவே இல்லை. கூடப் படித்த நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த நண்பர் அறிவுரை எதுவும் சொல்லாமல், பார்வையாளர்களை எப்போது அனுமதிப்பது என்று நர்ஸிடம் பேசி ஏற்பாடு செய்தார். என்னிடம் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமே இல்லை. சொல்ல ஓர் ஆள் இருந்தாரே என்ற நிம்மதிதான்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். தைரியசாலியாக நடிக்கத் தேவையில்லாத ஒருவர். அது நானாக இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் சரி.

இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரோடு பேசுவது வேறு வகையான பலம். உங்கள் டாக்டரிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ கேட்டுப் பாருங்கள், சம்மதிக்கும் பழைய நோயாளிகளைப் பல இடங்களில் அறிமுகப்படுத்துவார்கள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் சம்பந்தமே இல்லாமல் தோள்பட்டை வலிக்கும், அது சில நாளில் போய்விடும் என்றெல்லாம் அனுபவித்தவர் சொல்லும்போது நம்பிக்கை வருகிறது. மூன்று பந்துகள் உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் பந்தை மேலே ஏற்றவே இவர் திணறினார். மூன்றாவது பந்து அசைந்த அன்று வார்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒரே சிறுநீரகத்தோடு எத்தனை நாள் என்று இரவில் யோசிப்பதாக அண்ணி சொன்னார். 1954இல் பாஸ்டனில் ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை அது. கொடுத்த ரொனால்ட் மீதமிருந்த ஒன்றோடு 2010 வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் ஆரோக்கியமாக இருந்து தானம் செய்தவர், உங்கள் நிலை வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மீதமுள்ள சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, எடுத்ததன் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் என்பது இருவருக்கும் பொது. இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டு, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடாமல் இருக்க வேண்டும்.

பேசப் பிடிக்காத நாளில் எழுதுங்கள். சிறுநீரகப் புற்றுநோயாளிகளிடமே இதைச் சோதித்து, அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர் 2014இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். நோயைப் பற்றிய தங்கள் ஆழமான உணர்வுகளைச் சில அமர்வுகளில் எழுதியவர்களுக்கு, பொதுவான விஷயங்களை எழுதியவர்களைவிடப் பல மாதங்களுக்குப் பிறகும் உடல் தொந்தரவுகள் குறைவாக இருந்தன. யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துக்கூடப் போட்டுவிடலாம்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆபரேஷனே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் மன உளைச்சலை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு விசாரித்து, தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் அனுப்புவார்கள். உங்களிடம் கேட்டால் தயவுசெய்து உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். வழக்கம்போல 1 என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் வரும்வரை ஒரு காத்திருப்பு இருக்கும். பிறகு சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் அந்தப் பழைய பயம் எட்டிப் பார்க்கும். இவருக்கு இன்றும் அப்படித்தான், அந்த வாரம் முழுக்கச் சிடுசிடுப்பார். ஆகவே இப்போது கூடும் கூட்டத்தைவிட, அப்போது கூட வரப்போகும் ஓரிருவர் யார் என்று யோசித்து வையுங்கள். நான் ஒருத்தி, எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரிக்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை இன்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். யார் கூப்பிட்டாலும் என் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அண்ணியோடு நானும் வருகிறேன். சிறுநீரகத்தை முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா, கட்டி இருக்கும் பகுதியை மட்டும் எடுக்க முடியாதா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றார் அண்ணி. அதையும், கேட்கத் தயங்குகிற மற்றவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை